சார்ல்ஸ்டன் நாட்குறிப்பு: அங்கைலோரைசாவின் கை

2024 செப்டம்பர் 14, சனி

அருங்காட்சியகத்தில் இருந்த அந்தப் பழங்கால டால்பினின் பல்லைத்தான் முதலில் பார்த்தேன். மூக்கு நுனியில் இருக்கிற பற்கள் கீழே பார்த்து இறங்கவில்லை. முன்னால் நீட்டிக்கொண்டு, ஏறக்குறையப் படுத்த வாக்கில் இருக்கின்றன. தந்தம் என்றே சொல்லலாம். பின்னால் வருகிற பற்களும் லேசுப்பட்டவை இல்லை. ஒவ்வொன்றின் வேரும் தடி தடியாக இருக்கிறது. இப்போதைய டால்பினுக்கு வாய் நிறைய ஒரே மாதிரிக் கூம்புப் பற்கள். மீனைக் கவ்விப் பிடிக்க மட்டும்தான் அவை, மென்று தின்கிற வழக்கமே கிடையாது. இங்கே இருப்பது பெரிய இரையைக் கடித்துப் பிய்த்துத் தின்ற வாய்.

பெயர் அங்கைலோரைசா டீடெமனி. 2 கோடியே 90 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு தொடங்கி 2 கோடியே 35 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு வரை அமெரிக்காவின் இந்தச் சவுத் கரோலினாப் பக்கம் கடலில் வாழ்ந்தது. நீளம் சுமார் 4.8 மீட்டர். ஒலி எழுப்பி, எதிரொலியை வைத்து இரை தேடிய திமிங்கிலக் கூட்டத்தில், கடலின் தலைமை வேட்டையாளி என்ற இடத்தைப் பிடித்தவற்றில் நமக்குத் தெரிந்து இதுதான் முதல்.

நான் பார்த்தது சார்ல்ஸ்டன் கல்லூரியின் மேஸ் பிரவுன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில். கால்ஹூன் தெருவில் அறிவியல் கட்டடத்தின் இரண்டாம் தளம், அதாவது நம் கணக்கில் முதல் மாடி. கட்டணம் இல்லை. மகளுக்கு இன்று மருத்துவமனையில் பகல் டியூட்டி, மாப்பிள்ளைக்குச் சைட்டில் வேலை. பேரனை எங்கேயாவது கூட்டிப் போக வேண்டும், வெயிலும் ஆகாது. அப்படித்தான் போனோம். பேரன் வாசலிலிருந்த குகைக்கரடியிலேயே நின்றுவிட்டான். நான் இந்தப் பல்லுக்கு முன்னால் நின்றுவிட்டேன்.

பேரன் வந்து கேட்டது ஒரே கேள்வி: "ஆச்சி, இது ஷார்க்கைச் சாப்பிடுமா?"

எதைத் தின்றது என்று வயிற்றுக்குள் எதுவும் கிடைத்ததாக எழுதியிருக்கவில்லை. ஆனால் அந்த முன்பற்களை வைத்து ஆராய்ச்சியாளர்கள் ஒன்று சொல்கிறார்கள்: இரையை முட்டி மோத அவை பயன்பட்டிருக்கலாம். பெரிய உடம்பு, வேகம், முன்னால் நீட்டிய பல். முட்டினால் சுறாவாக இருந்தாலும் வலித்திருக்கும் என்று சொன்னேன். அவனுக்கு அந்தப் பதில் போதவில்லை.

2024 செப்டம்பர் 17, செவ்வாய்

பேரன் பள்ளிக்குப் போனபின் உட்கார்ந்து, இந்த விலங்கு கிடைத்த கதையைத் தேடிப் படித்தேன். விலங்கைவிடக் கதை சுவாரசியம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கிட்டே வருகிறது.

1880களில் வாண்டோ ஆற்றில் பாஸ்பேட் பாறை அள்ளிக்கொண்டிருந்தார்கள். தூர்வாரும் இயந்திரத்தோடு ஒரு மண்டையோட்டின் துண்டு மேலே வந்தது. மூக்குப் பகுதிதான், அதுவும் முழுதாக இல்லை. 1887இல் ஜே. ஏ. ஆலன் என்ற விலங்கியலாளர் அதை விவரித்து, ஸ்குவாலோடான் என்கிற பேரினத்தில் சேர்த்தார். ஸ்குவாலோடான், 1840இல் பிரான்சில் கிடைத்த எலும்பை வைத்துப் பெயரிட்ட ஒரு சுறாப்பல் டால்பின். ஒரு மூக்குத் துண்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வேறு என்ன செய்வது? தெரிந்த அலமாரியில் வைத்தார்.

ஏன் பாஸ்பேட்? இங்கே உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தது. பருத்தி போட்டுப் போட்டு நிலமெல்லாம் சத்து இழந்து கிடந்தது. 1867 முதல் ஆஷ்லி ஆற்றங்கரையில் பாஸ்பேட் பாறையை வெட்டத் தொடங்கினார்கள். வெட்டியவர்களில் பெரும்பாலோர் அடிமைத்தளையிலிருந்து அப்போதுதான் விடுபட்ட கறுப்பின மக்கள். மண்வெட்டி, கடப்பாரை, முழங்கால் தண்ணீர். அப்புறம் ஆற்றுக்குள்ளும் இயந்திரத்தை இறக்கினார்கள். அந்தப் பாறையைப் பொடித்துக் கந்தக அமிலத்தில் போட்டால் சூப்பர் பாஸ்பேட். நம் ஊர் உரக்கடையில் 'சூப்பர் ஒரு மூட்டை' என்று கேட்டு வாங்குகிறோமே, அதே சரக்கு. ஃபுளோரிடாவில் இதைவிட மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும், 1893இல் வந்த பெரிய புயல் சுரங்கங்களை அடித்துப்போட்டதும் இங்கே தொழில் படுத்தது.

பாறையும் எலும்பும் கலந்தே கிடந்தன. பாறையை அரைத்தபோது எலும்பையும் சேர்த்துத்தான் அரைத்திருப்பார்கள். ஒரு மூக்குத் துண்டு தப்பியது என்றால் அரைபட்டது எத்தனை? உரமாகிப் பருத்திச் செடிகளுக்குள் போன டால்பின்களுக்குக் கணக்கே இல்லை. கண்டுபிடித்தவற்றையாவது ஒழுங்காக வைத்திருந்தார்களா என்றால், அதுவும் எல்லாம் இல்லை. 1847இல் இதே ஆஷ்லி ஆற்றுப் பக்கம் கிடைத்த அகோரோஃபியஸ் என்ற சிறிய பழந்திமிங்கிலத்தின் மண்டையோடு பிற்பாடு தொலைந்தே போய்விட்டது. மிஞ்சியது ஒரு பல்லும் வரைந்து வைத்த படமும்.

மூக்குக்கு உடம்பு கிடைக்க நெடுங்காலம் ஆயிற்று. 1970களில் சார்ல்ஸ்டன் அருங்காட்சியகத்தின் காப்பாளர் ஆல்பர்ட் சாண்டர்ஸ் முதல் எலும்புக்கூட்டை எடுத்தார். 1990களில் ஒரு கட்டுமான இடத்தில் மார்க் ஹேவன்ஸ்டீன் இன்னொன்றைக் கண்டார். அது கிட்டத்தட்ட முழு எலும்புக்கூடு. ஹேவன்ஸ்டீன் புதைபடிவங்களைத் தோண்டி விற்பதைத் தொழிலாகச் செய்தவர். ஆனால் எலும்புக்கூடு கடைசியில் கல்லூரி அருங்காட்சியகத்துக்கு நன்கொடையாக வந்தது. நான் சனிக்கிழமை பார்த்தது அதைத்தான். 2020 ஜூலையில் ராபர்ட் பாசெனெக்கர், ஜொனதன் கைஸ்லர் உள்ளிட்ட ஐந்து பேர் 'கரன்ட் பயாலஜி' இதழில் அதை விவரித்து, ஸ்குவாலோடான் அலமாரியிலிருந்து எடுத்துத் தனிப் பேரினமாக வைத்தார்கள். முதல் பெயருக்கும் சரியான பெயருக்கும் இடையில் 133 ஆண்டுகள்.

2024 செப்டம்பர் 27, வெள்ளி

ஹெலன் புயல். மலைப்பக்கம்தான் பெரிய சேதம் என்கிறார்கள். இங்கே காற்றும் மழையும், இரவெல்லாம் கைப்பேசியில் எச்சரிக்கை அலறலும். கரண்ட் போய்விட்டது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் மாப்பிள்ளை மண் பற்றிப் பேச ஆரம்பித்தார். அவர் அடித்தள வேலை பார்க்கிற சிவில் என்ஜினியர், அதனால் எந்தப் பேச்சும் கடைசியில் மண்ணுக்கு வந்துவிடும்.

"அத்தை, இந்த ஊர் மேல்மண்ணை நம்ப முடியாது. சேறு, மணல், பழைய குப்பை. ஐம்பது அறுபது அடி கீழே போனால் மார்ல் வரும். அதில் பைல் நின்றால்தான் கட்டடம் நிற்கும்."

மார்ல் என்பது சுண்ணாம்பு கலந்த களிமண் மாதிரியான பாறை. இங்கே கூப்பர் மார்ல் என்கிறார்கள். 2005இல் திறந்த அந்தப் பெரிய ராவெனல் பாலத்தின் அடித்தூண்களும் அதில்தான் ஊன்றியிருக்கின்றன. பச்சை கலந்த சாம்பல் நிறம், ஈரத்தில் கையில் ஒட்டும் என்றார். எனக்கு அப்போதுதான் உறைத்தது: அங்கைலோரைசா புதைந்து கிடந்த ஆஷ்லி அடுக்கு அந்த மார்லின் ஒரு பகுதி. அது நீந்திய கடலின் தரை.

மாப்பிள்ளையிடம் சொன்னேன். "துளை போடும்போது பல் கில் வருமா?" என்று கேட்டேன். "வந்தாலும் எங்களுக்குத் தெரியாது அத்தை, எல்லாம் கூழாகத்தான் மேலே வரும்" என்றார்.

2024 அக்டோபர் 5, சனி

ஃபாலி பீச். கடல் அரித்துக்கொண்டு போகிற கரை இது. அவ்வப்போது வேறு இடத்திலிருந்து மணலை உறிஞ்சி வந்து கொட்டுகிறார்கள். அந்த மணலோடு புதைபடிவங்களும் வந்து சேருகின்றன. கறுப்பாக இருப்பதைத் தேடு என்று பேரனிடம் சொல்லியிருந்தேன். பாஸ்பேட் ஏறிய எலும்பும் பல்லும் கறுத்துவிடும். வெள்ளைச் சிப்பிகளுக்கு நடுவில் பளிச்சென்று தெரியும்.

அவன் கை நிறையச் சுறாப் பல் பொறுக்கினான். எல்லாம் சின்னது. எனக்குக் கிடைத்தது ஒரு கறுப்புத் துண்டு, கட்டைவிரலின் மேல்கணு அளவு. அந்த அளவுக்கு இருக்க வேண்டியதைவிடக் கனமாக இருந்தது. ஒரு பக்கம் வழவழப்பாக உருண்டு, மறுபக்கம் மடிந்து உள்வாங்கி இருந்தது. பக்கத்தில் சல்லடையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரிடம் காட்டினேன். பார்த்த மாத்திரத்தில் டால்பின் காது என்றார்.

திமிங்கில வகைகளின் காதெலும்பு உடம்பிலேயே மிக அடர்த்தியான எலும்புகளில் ஒன்று. மண்டையோட்டோடு இறுக ஒட்டாமல், இடையில் காற்றறைகள் விட்டுத் தனித்து நிற்கும். தண்ணீருக்குள் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பிரித்துக் கேட்க அந்த ஏற்பாடு. விலங்கு செத்தபின் காதெலும்பு கழன்று விழுந்துவிடும். மற்றதெல்லாம் நொறுங்கினாலும் இது நிற்கும். அதன் வடிவத்தை வைத்தே இனம் பிரிப்பார்கள். இதே சார்ல்ஸ்டன் பகுதியில் கிடைத்த எக்கோவெனேட்டர் என்ற சிறிய பழந்திமிங்கிலத்தின் உட்காதை ஆராய்ந்துதான், சுமார் 2 கோடியே 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே இவை நம் காதுக்கு எட்டாத மீயொலியைக் கேட்டன என்று 2016இல் எழுதினார்கள். அதன் சிற்றினப் பெயர் சாண்டர்ஸி. காப்பாளர் சாண்டர்ஸ் நினைவாக வைத்தது.

என் கையில் இருந்தது எந்தக் காலத்தது என்று சொல்ல வழியில்லை. கொட்டிய மணலில் எல்லாக் காலமும் கலந்துவிடும். பேரனுக்கு அது ஏமாற்றம். அவனுக்கு மெகலடான் என்ற ராட்சதச் சுறாவும் அங்கைலோரைசாவும் சண்டை போட வேண்டும். மெகலடான் வருவதற்கு முன்பே இது போய்விட்டது, இதன் காலத்தில் இருந்தது மெகலடானுக்கு முந்திய அங்குஸ்டிடென்ஸ் என்ற பெருஞ்சுறா, அதன் பல்லுக்கு இரண்டு பக்கமும் குட்டிப் பல் முளைத்திருக்கும் என்று மணலில் வரைந்து காட்டினேன். "அப்போ அதோட சண்டை" என்று முடித்துக்கொண்டான்.

2024 அக்டோபர் 9, புதன்

இன்று கை எலும்பைப் பற்றி எழுதியே ஆக வேண்டும். அந்த 2020 கட்டுரையின் உயிரே அங்கேதான் இருக்கிறது. பல்லைப் பார்த்து வாய்பிளந்துவிட்டு வருகிறவர்கள் அதைத் தவறவிட்டுவிடுகிறார்கள்.

டீச்சராக இருந்த காலத்தில் பத்தாம் வகுப்புக்கு ஆண்டுதோறும் ஒரு படம் வரைவேன். மனிதனின் கை, பூனையின் முன்னங்கால், திமிங்கிலத்தின் துடுப்பு, வௌவாலின் இறக்கை. நான்கிலும் மேற்கை எலும்பு ஒன்று, முன்கையில் இரண்டு, அப்புறம் மணிக்கட்டு, விரல்கள். அமைப்பு ஒத்த உறுப்புகள். ஒரே மூதாதையிடமிருந்து வந்தவை என்பதற்குச் சான்று. சிவப்புச் சாக்பீஸில் மேற்கை எலும்பை அடித்துக் காட்டுவேன். திமிங்கிலத்துக்கு மட்டும் அது குட்டையாக, தடித்துப் போயிருக்கும். ஏன் குட்டை என்று பிள்ளைகள் கேட்டால், துடுப்பு போட அது போதும் என்று சொல்லிக் கடந்துவிடுவேன். பாடமும் அதற்கு மேல் கேட்காது.

இப்போது கேள்வி இதுதான். இன்றைக்கு இருக்கிற திமிங்கிலங்கள் இரண்டு பெரும் கிளை. ஒன்று, பல்லுள்ளவை: டால்பின், ஸ்பெர்ம் திமிங்கிலம், எல்லாம் அதில் அடக்கம். இன்னொன்று, பல்லுக்குப் பதிலாக வாயில் சல்லடைத் தகடு தொங்குகிறவை: நீலத் திமிங்கிலம் வகையறா. இரண்டு கிளையும் 3 கோடியே 50 லட்சம் ஆண்டுகள் வாக்கில் பிரிந்தன. ஆனால் நீந்துகிற உடம்பு இரண்டுக்கும் ஒன்றே. மேற்கை எலும்பு குட்டை. வாலுக்கு முந்திய பகுதி பக்கவாட்டில் ஒடுங்கியிருக்கிறது. வாலில் முள்ளெலும்புகள் அதிகம். துடுப்புக்கை திசை திருப்ப மட்டும். தள்ளுவது முழுக்க வால், அதுவும் மேலும் கீழும். இவ்வளவு ஒற்றுமை இருந்தால் யாரும் என்ன நினைப்பார்கள்? பிரிவதற்கு முன்பே பொது மூதாதையிடம் இதெல்லாம் இருந்தது, இருவரும் சொத்தாக வாங்கிக்கொண்டார்கள் என்றுதான்.

விடைத்தாள் திருத்தும்போது அடுத்தடுத்து உட்கார்ந்த இரண்டு பையன்களின் கணக்கு வரிக்கு வரி ஒன்றாக இருந்தால் வாத்தியார் என்ன நினைப்பார்? ஒன்றைப் பார்த்து ஒன்று. ஒருவனுடைய ரஃப் தாள் கிடைத்து, அதில் அவன் தட்டுத் தடுமாறித் தானே பாதிவரை போட்டு வந்திருப்பது தெரிந்தால்தான் அந்த எண்ணம் மாறும்.

அங்கைலோரைசா அந்த ரஃப் தாள். அது சந்தேகமில்லாமல் பல்லுள்ள கிளையைச் சேர்ந்தது. எதிரொலி கேட்ட விலங்கு. கிளைகள் பிரிந்து பல லட்சம் ஆண்டுகள் ஆனபின் வாழ்ந்தது. அப்படியிருந்தும் அதன் மேற்கை எலும்பு இன்னும் நீளமாக இருக்கிறது. பசிலோசாரஸ் காலத்துப் பழைய திமிங்கிலங்களுக்கும் இன்றைய டால்பினுக்கும் நடுவே எங்கேயோ நிற்கிறது. வால் பக்கமும் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. பல்லுள்ள கிளையில் இருக்கிற இதற்கே அந்தக் குட்டைக் கை இல்லையென்றால், பொது மூதாதையிடம் அது இருந்திருக்க முடியாது. டால்பின்கள் தங்கள் பக்கத்தில் தனியாகக் குட்டையாக்கிக்கொண்டன, நீலத் திமிங்கிலத்தின் முன்னோர் தங்கள் பக்கத்தில் தனியாகக் குட்டையாக்கிக்கொண்டன. ஒடுங்கிய வாலும் கூடுதல் முள்ளெலும்புகளும் அப்படியே. இதற்குத்தான் குவி பரிணாமம் என்று பெயர்.

இதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், ஒரே எலும்பில் இரண்டு பாடமும் இருக்கிறது. மேற்கை எலும்பு அங்கே இருப்பது பரம்பரைச் சொத்து, வௌவாலுக்கும் நமக்கும் இருக்கிற அதே எலும்பு. அது குட்டையாக இருப்பது அவரவர் சுயசம்பாத்தியம். அமைப்பு ஒத்தது ஒரு பக்கம், செயல் ஒத்தது மறுபக்கம் என்று இரண்டு பத்தியாகப் பிரித்துப் பலகையில் கோடு போட்டு எழுதிக்கொண்டிருந்தேன். இந்த எலும்பு கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது.

சீல், கடல்சிங்கம் வகைகளும் நிலத்திலிருந்து கடலுக்குப் போனவைதான். அவற்றில் சில முன்துடுப்பால் தள்ளும், சில பின்துடுப்பால் தள்ளும். பல வழி. திமிங்கிலத்தின் இரண்டு கிளைகளுக்கும் மட்டும் ஒரே வழி. பின்னங்கால் போய், தள்ளுவதற்கு வால் மட்டும் என்று ஆகிவிட்டபின் வேகமாகப் போக வேறு வழி அதிகம் இல்லை போலிருக்கிறது. கடைசி வாக்கியம் என் ஊகம், அவர்கள் தலையில் கட்ட வேண்டாம்.

2024 அக்டோபர் 13, ஞாயிறு

உயிருள்ள டால்பின் பார்க்கப் போனோம். சீபுரூக் தீவுக்கும் கியாவா தீவுக்கும் நடுவே ஒரு கழிமுகம். நீர் வற்றுகிற நேரத்தில் போக வேண்டும் என்று மகள் அட்டவணை பார்த்து வைத்திருந்தாள். கரையில் தன்னார்வலர்கள் நின்று, கிட்டே போகாதீர்கள் என்று தள்ளி நிறுத்துகிறார்கள்.

வெகுநேரம் ஒன்றும் இல்லை. ஒரு முதுகுத் துடுப்பு, அப்புறம் மூன்று. ஒரு தலை மேலே வந்து கரையைப் பார்த்தது. திடீரென்று தண்ணீர் ஒரு வரப்பு உயரத்துக்கு எழும்பிக் கரைக்கு வந்தது. மடவை மீன்கள் சேற்றில் விழுந்து துள்ளின. பின்னாலேயே நான்கு டால்பின்கள் உடம்பு முழுவதையும் கரையில் ஏற்றிவிட்டன, ஒரே வரிசையில், எல்லாம் வலப்பக்கமாகச் சாய்ந்து. வாய் மட்டும் டக்டக்கென்று மூடித் திறந்தது. சில நொடிகள்தான். அப்புறம் உடம்பை நெளித்து, சறுக்கித் தண்ணீருக்குள் போய்விட்டன. கொக்கு ஒன்று மிச்ச மீனுக்கு ஓடி வந்தது.

எப்போதும் வலப்பக்கம்தானாம். மணல் தேய்த்துத் தேய்த்து அந்தப் பக்கத்துப் பற்கள் கூடுதலாகத் தேய்ந்துவிடுகின்றன என்கிறார்கள். தாய் செய்வதைப் பார்த்துக் குட்டி கற்கிறது. சவுத் கரோலினா, ஜார்ஜியா சதுப்புக் கரையோரங்களில்தான் இதை இவ்வளவு வழக்கமாகப் பார்க்க முடியும்.

நான் பார்த்தது கையை. கரையில் கிடந்த அந்த நொடிகளில் துடுப்புக்கை உடம்போடு ஒட்டிக் கிடந்தது, எதற்கும் உதவவில்லை. முழங்கை மடங்காது, தோளில் மட்டும்தான் அசைவு. சேற்றிலிருந்து திரும்பிப் போவதும் உடம்பையும் வாலையும் நெளித்துத்தான். நீளக் கை வைத்திருந்த அங்கைலோரைசா இப்படிக் கரையேறியிருந்தால் ஊன்றி எழுந்திருக்குமா என்று ஒரு யோசனை வந்தது. 4.8 மீட்டர் உடம்பை அந்தக் கை தூக்கியிருக்காது. நல்லவேளை, அது இந்த வேலைக்குப் போகவில்லை.

2024 அக்டோபர் 18, வெள்ளி

பௌர்ணமி ஓதம். மழை ஒரு சொட்டு இல்லை, ஆனால் நகரத்தில் சாக்கடை வழியாகக் கடல்நீர் தெருவுக்கு வந்துவிட்டது. மகள் காரை மேட்டில் நிறுத்திவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு டியூட்டிக்குப் போனாளாம். அருங்காட்சியகத்துக்குப் போகிற திட்டம் ரத்து.

2024 அக்டோபர் 27, ஞாயிறு

இன்று இன்னொரு அருங்காட்சியகம். 1773இல் தொடங்கியது, அமெரிக்காவின் முதல் அருங்காட்சியகம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் சார்ல்ஸ்டன் மியூசியம். சாண்டர்ஸ் வேலை பார்த்த இடம். இங்கே கட்டணம் உண்டு.

நான் தேடிப் போனது பெலகோர்னிஸ் சாண்டர்ஸி என்கிற பறவையை. அங்கைலோரைசா காலத்தின் கடைசிப் பகுதியில், அதே கடலுக்கு மேலே பறந்தது. 1983இல் சார்ல்ஸ்டன் விமான நிலையத்துக்குப் புது முனையம் கட்டத் தோண்டியபோது கிடைத்தது. சாண்டர்ஸ் குழு எடுத்துப் பத்திரப்படுத்தியது. 2014இல்தான் பெயர் வந்தது. இறக்கை விரித்தால் 6.1 முதல் 7.4 மீட்டர் வரை என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பறந்த பறவைகளில் இறக்கை வீச்சில் இதை மிஞ்சியது இல்லை என்கிறார்கள். அலகு ஓரமெல்லாம் எலும்பிலேயே பல் மாதிரிக் கூர்கள். இதன் மேற்கை எலும்பு மட்டும் ஒரு மீட்டருக்குச் சற்றுத்தான் குறைவு. கையை நீட்டிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், என் முழுக்கையே அதன் முன் தோற்றுவிடும். கீழே நீந்தியது கையைக் குட்டையாக்குகிற வழியில் போய்க்கொண்டிருந்தது, மேலே பறந்தது அதே எலும்பை இழுத்து நீட்டிவிட்டது.

எல்லாம் எப்படிக் கிடைத்திருக்கின்றன பாருங்கள். உரத்துக்கு ஆறு தூர்வாரியது, வீடு கட்டத் தோண்டியது, விமான நிலையத்துக்குத் தோண்டியது. பாலைவனத்தில் கூடாரம் போட்டுத் தேடிய கதை ஒன்றுகூட இல்லை. ஹேவன்ஸ்டீனையே எடுத்துக்கொள்ளுங்கள். வாண்டோ ஆற்றில் முக்குளித்து எடுத்த இன்னொரு பழந்திமிங்கிலம் கொரோனோடான் ஹேவன்ஸ்டீனி என்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. 2017இல் பெயரிட்டார்கள். வாங்கி விற்கிறவர்களைப் பற்றிப் படித்தவர்களுக்கு ஒரு முகச்சுளிப்பு உண்டு. நியாயமான சுளிப்புதான், தனியார் அலமாரிக்குள் போன எலும்பை யாரும் ஆராய முடியாது. ஆனால் இந்த ஊரில் அவர்கள் இல்லாமல் பாதி எலும்பு சிமெண்டுக்கு அடியில் போயிருக்கும்.

2024 நவம்பர் 3, ஞாயிறு

இன்று அதிகாலை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைத்தார்கள். எனக்கு மட்டும் பழைய நேரத்துக்கே விழிப்பு வந்தது.

காபியோடு படித்தது: அங்கைலோரைசா போனபின் என்ன ஆயிற்று? சுமார் 2 கோடியே 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு அது மறைந்தது. அந்த வேட்டையாளி நாற்காலி காலி. அடுத்த 50 லட்சம் ஆண்டுகளுக்குள் இரண்டு கூட்டம் அதில் உட்கார வந்தது. ஒன்று, கொல்லும் ஸ்பெர்ம் திமிங்கிலங்கள். இன்னொன்று, சுறாப்பல் டால்பினான ஸ்குவாலோடான். 1887இல் எந்தப் பெயரில் இதை அடைத்து வைத்தார்களோ, அதே ஸ்குவாலோடான்! வாரிசின் பெயரில் 133 வருஷம் பட்டா இருந்திருக்கிறது.

ஸ்பெர்ம் வேட்டையாளிகளில் பெரியது லிவியாட்டன், பெருவில் கிடைத்தது, பல் ஒன்று 36 சென்டிமீட்டர். அந்தக் கூட்டத்தின் கடைசி இனங்களும் 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு போய்விட்டன. மறுபடியும் நாற்காலி காலி. பனியூழிக் காலத்தில்தான், இன்றைக்குப் பத்து இருபது லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு, கொலைத்திமிங்கிலம் வந்து உட்கார்ந்தது. அது திமிங்கிலம் என்று பெயர் வாங்கியிருந்தாலும் டால்பின் குடும்பம்தான். ஆக, பல்லுள்ள கிளை அந்த வேலைக்கு மூன்று தடவைக்குக் குறையாமல் ஆள் அனுப்பியிருக்கிறது. ஒன்றிலிருந்து ஒன்று வந்தவை இல்லை, ஒவ்வொன்றும் வேறு வீட்டுப் பிள்ளை. அங்கைலோரைசாவுக்கு நேர் வாரிசு யாரும் இன்றைக்கு இல்லை.

ஏன் மறைந்தது என்பதற்கு, எனக்குத் திருப்தியான பதில் எதையும் படிக்கவில்லை. பெரிய உடம்பு வேட்டையாளிகள் எப்போதும் எண்ணிக்கையில் குறைவு, இரை கொஞ்சம் குறைந்தாலும் முதலில் பட்டினி அவற்றுக்குத்தான். வகுப்பில் உணவுப் பிரமிடு வரையும்போது உச்சியில் இருப்பதை ராஜா என்று பிள்ளைகள் எழுதுவார்கள். உச்சியில் இருப்பதுதான் முதலில் ஆட்டம் காணும்.

2024 நவம்பர் 9, சனி

மறுபடி மேஸ் பிரவுன். அடுத்த வாரம் ஊருக்குக் கிளம்ப வேண்டும், அதற்குள் கையை ஒழுங்காக வரைந்துவிட வேண்டும் என்று நோட்டும் பென்சிலும் எடுத்துப் போனேன். வரையலாமா என்று அங்கே இருந்த மாணவியிடம் கேட்டேன். தாராளமாக, ஒரு நாற்காலி வேண்டுமா என்று கேட்டாள். நம் ஊரில் ஒரு காவலாளி விசிலடித்திருப்பார்.

நிதானமாகப் பார்த்தால் மேற்கை எலும்பின் தோள் முனை உருண்டு பெரிதாக இருக்கிறது. முழங்கை முனை தட்டையாகி வருகிறது. அதற்குக் கீழே வருகிற இரண்டு முன்கை எலும்புகளும் பக்கவாட்டில் நசுங்கிப் பலகையாகின்றன. வரைந்துவிட்டு, பக்கத்தில் இன்றைய டால்பினின் கையை நினைவிலிருந்து போட்டேன். பக்கத்தில் வைத்தால் கதை தானாகத் தெரிகிறது.

இந்தப் பேரினத்தில் இரண்டாவது இனம் ஒன்றும் இருக்கக்கூடும் என்கிறார்கள். வேறு இரண்டு மண்டையோடுகள் இருக்கின்றன, அவை டீடெமனியோடு முழுக்க ஒத்துப்போகவில்லை. பெயர் இன்னும் வைக்கவில்லை. வாண்டோ மூக்குக்கு ஆனமாதிரி 133 வருஷம் ஆகாது என்று நம்புவோம்.

பேரனும் வரைந்தான். அவனுடைய அங்கைலோரைசா அங்குஸ்டிடென்ஸை நடுவயிற்றில் முட்டிக்கொண்டிருக்கிறது. ரத்தம் தாராளம். டால்பினுக்குக் கறுப்பு வெள்ளை அடித்திருந்தான். நிறம் எலும்பில் தெரியாதே என்றேன். "தெரியாதுன்னா நான் போடலாம்ல ஆச்சி" என்றான். சரிதான்.

வீட்டுக்கு வந்து என் படத்தை ஒளிப்படம் எடுத்து, நான் ஓய்வு பெற்றபின் பத்தாம் வகுப்பு எடுக்கிற டீச்சருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். துடுப்பு, இறக்கை, கை படத்துக்குப் பக்கத்தில் இதையும் போட்டுக் காட்டுங்கள், பத்து நிமிஷம் போதும் என்று எழுதினேன். "அருமை டீச்சர். ஆனா சிலபஸ்ல இல்லையே, அரையாண்டுக்குப் போர்ஷன் வேற முடியல" என்று பதில் வந்தது. அரையாண்டு முடிந்ததும் பாருங்கள் என்று போட்டேன். நீல டிக் விழுந்துவிட்டது, பதில் இன்னும் வரவில்லை. ஜனவரியில் நானே பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பலகையில் வரைந்துவிட்டு வரலாம் என்று இருக்கிறேன்.